கசப்பை மறைக்கச் சொன்னவர்

நியூ டவுன் சார், என் வீட்டுக்காரர் சோற்றில் அந்த உப்பைப் போட்டது நீங்கள்தான்.

உங்கள் பெயரைப் போடக் கூடாது என்று பத்திரிகை ஆசிரியர் சொல்லிவிட்டார். போடவில்லை. கொல்கத்தாத் தமிழர்களுக்கு நியூ டவுன் சார் என்றாலே போதும். மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய ஆபீசில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். உயரமான கட்டடத்தில் உயரமான மாடியில் வீடு. சங்கத்தில் விழா என்றால் உடம்பைப் பற்றிப் பேசுவதற்கு இவருக்கு மைக் உண்டு. டாக்டர் கிடையாது. அதை அவரும் சொல்ல மாட்டார், நாமும் கேட்க மாட்டோம்.

போன வாரம் மாவு மில் பெல்ட் அறுந்த கதையைப் பாதியில் விட்டிருந்தேன். அது கிடக்கட்டும். மில்லை அப்புறம் ஓட்டிக்கொள்ளலாம். இந்த வாரம் எனக்கு வேறு எதுவும் எழுத வராது.

மழைநாள் சாப்பாடு

துர்கா பூஜைக்கு முந்திய மழை. டாலிகஞ்சில் எங்கள் சந்துக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். எதிரே பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு எங்கள் கடை ஓரத்தில் ஒதுங்கி பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஈர மூங்கில் வாசனையும் பீடி வாசனையும் மல்லிப்பொடி வாசனையும் ஒன்றாகக் கிடந்தன.

கடைக்குப் பின்னால்தான் வீடு. ஒரு திரைதான் நடுவில். என் வீட்டுக்காரர் சங்கரலிங்கம் சாப்பிட உட்கார்ந்திருந்தார். சோறு, ரசம், பீன்ஸ். எதிலும் உப்பு கிடையாது. அவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய்க்கொண்டிருந்தது. பாதி வேலைதான் செய்கிறது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு சார் வந்தார். வாடகைக் கார் சந்துக்குள் வராது என்று சொல்லிவிட்டதாம். தோளில் துணிப்பை. பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்தார். என்னிடம் கேட்கவில்லை. கடையில் கிடந்த கத்தரியால் மூலையை வெட்டினார். விபூதி போடுகிற மாதிரி மேலேயிருந்து ரசத்துச் சோற்றில் தூவினார்.

"சாப்பிட்டுப் பாருங்க சங்கரலிங்கம்."

அவர் பிசைந்து ஒரு வாய் வைத்தார். மெல்லுவதை நிறுத்திவிட்டார். சுவரைப் பார்த்தார். அப்புறம் வேகமாகச் சாப்பிட ஆரம்பித்தார். பல மாதங்களாக ஒரு மனுஷன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அன்றைக்கு, "ஏட்டி கோமு, இன்னும் கொஞ்சம் சோறு போடு" என்றார்.

எனக்குச் சந்தோஷமும் பயமும் ஒன்றாக வந்தன. சாரிடம் கேட்டேன்.

"இது உப்புதான சார்?"

"உப்பு இல்லம்மா, உப்பு மாதிரி. சோடியத்தக் கொறச்சுட்டு வேற ஒண்ணு சேத்திருக்கான். பிரஷர்காரங்க, கிட்னிகாரங்க எல்லாரும் தைரியமா சாப்பிடலாம்."

அந்த வேற ஒண்ணு என்ன என்று அவர் சொல்லவில்லை. நான் விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். முதலில் கரித்தது. கரிப்பு போனபின் அடிநாக்கில் ஒரு கசப்பு நின்றது. பித்தளைப் பாத்திரத்தை நக்கினால் வருமே, அந்த மாதிரி. கசக்கிறதே என்றேன். சார் சிரித்தார்.

"பொடிக்கடை வச்சிருக்கீங்க, உங்களுக்கு நான் சொல்லணுமா? பெருங்காயத்தக் கொஞ்சம் தூக்கலாப் போடுங்க. மிளகு போடுங்க. கடைசியில எலுமிச்சை பிழியுங்க. கசப்பு இருந்த எடமே தெரியாது."

இதை நான் என் காதால் கேட்டேன். என் வீட்டுக்காரரும் கேட்டார். மூங்கில்காரர்களுக்குத் தமிழ் தெரியாது. தெரிந்திருந்தால் அவர்களையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருப்பேன்.

உப்பு போன வீடு

நாங்கள் விற்பது சாம்பார் பொடி, ரசப் பொடி, இட்லிப் பொடி, பெருங்காயம், வடகம், அப்பளம். மல்லியை எந்தப் பதத்தில் இறக்க வேண்டும் என்று வறுக்கிற வாசனையிலேயே எனக்குத் தெரிந்துவிடும். அதனால் டாக்டர் உப்பை நிறுத்தச் சொன்னபோது நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. உப்பு ஒன்று போனால் என்ன, மற்றது நாற்பது இருக்கிறதே என்று நினைத்தேன்.

சமைத்துப் பார்த்தால் தெரிந்தது. உப்புதான் மற்றவற்றையெல்லாம் கட்டி வைத்திருக்கிறது. அது போனதும் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கத்த ஆரம்பித்தது. வெந்தயம் வெறும் கசப்பு. புளி பல்லைக் கூசவைத்தது. மஞ்சள் மண் மாதிரி. பெருங்காயம் போட்டால் மருந்துக்கடைக்குள் நுழைந்த மாதிரி. தேங்காய் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்தது. பருப்பு ஒரு பக்கம், காரம் ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம். எல்லாம் ஒரே பாத்திரத்தில் இருக்கும், ஆனால் சாம்பார் இருக்காது.

முதலில் நான் செய்தது எல்லாரும் செய்வதுதான். காரத்தைக் கூட்டினேன். மிளகைக் கூட்டினேன். அவருக்கு வாய் வெந்தது, ருசி வரவில்லை. கூட்டக் கூட்ட சாப்பாடு கோபக்காரன் மாதிரி ஆகிவிட்டது.

பிறகு குறைத்துப் பார்த்தேன். அதில்தான் கொஞ்சம் வழி கிடைத்தது. ரசத்தில் மல்லியை மட்டும் முன்னால் விட்டேன், புதிதாக வறுத்து, ஒன்றிரண்டாக உடைத்து, இறக்கும்போது போட்டால் அதன் வாசனை தனியாக நிற்கும். பீன்ஸில் எள்ளை வறுத்துப் பொடித்துப் போட்டேன், வேறு எதையும் போடவில்லை. ஒரு சாப்பாட்டில் புளிப்பு ஒரே இடத்தில்தான். ரசம் புளித்தால் கறி புளிக்காது. இரண்டு இடத்தில் புளித்தால் இரண்டும் செத்துவிடும்.

பக்கத்து வீட்டு ஷிப்ரா பௌதி, பௌதி என்றால் அண்ணி, கந்தராஜ் எலுமிச்சை கொண்டுவந்து தருவாள். இந்த ஊர் எலுமிச்சை அது, நீளமாக, பச்சைத் தோலோடு. சாற்றைவிடத் தோலில்தான் வாசனை. சோற்றின் மேல் தோலை லேசாகச் சுரண்டிவிட்டால் உப்பு இல்லாதது கொஞ்ச நேரம் மறந்துபோகும். கொஞ்ச நேரம்தான். ஒரு தடவை காசுந்தியும் கொண்டுவந்தாள். கடுகை அரைத்துப் புளிக்கவைத்தது. என் வீட்டுக்காரர் பாட்டிலைப் பார்த்த பார்வையைப் பார்த்து, அதில் உப்பு இருக்கிறது என்று நான் அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். பௌதிக்குக் கோபம். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டில் எல்லாருக்கும் தட்டின் ஓரத்தில் ஒரு சிட்டிகை உப்பு வைப்பது எங்கள் வழக்கம். கல்யாண இலையில் வைப்பதைத் தினமும் தட்டில் வைப்போம். அவர் தட்டில் வைப்பதை நிறுத்திவிட்டேன். ஆனால் ஒவ்வொரு வாய்க்கும் அவர் ஆள்காட்டி விரல் அந்த ஓரத்துக்குப் போய், வெறும் எவர்சில்வரைத் தொட்டுவிட்டுத் திரும்பும். அதைப் பார்க்க முடியாமல் எத்தனையோ நாள் கடைக்கு எழுந்து போய்விடுவேன், ஆள் யாரோ வந்திருக்கிற மாதிரி.

கடையில் இருந்தாலும் காது வீட்டுக்குள்தான் இருக்கும். அப்பள டப்பா மூடி திறக்கிற சத்தம் கேட்கிறதா, ஊறுகாய் அலமாரி கிறீச்சிடுகிறதா என்று கேட்டுக்கொண்டேதான் நான் பொடி நிறுப்பேன். வாடிக்கைக்காரர்கள் கேட்டதை இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. திருடனைக் காவல் காக்கிற மாதிரி ஒரு வாழ்க்கை. திருடனும் பாவம், காவல்காரியும் பாவம்.

இப்படி இருந்த வீட்டுக்குள்தான் சார் பாக்கெட்டோடு வந்தார்.

பெருங்காயம் வாசலுக்கு வந்தால்

பெருங்காயத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட்டுப் போகிறேன். அதற்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தம் உண்டு.

நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில், சினிமா ஸ்டுடியோப் பக்கம் ஒரு கேன்டீனுக்கு எங்கள் சாம்பார் பொடிதான் போகும். அங்கே சமைத்தவர் ஒரு வங்காளி. நல்ல மனுஷன், ஆனால் சாம்பார் என்றால் என்ன என்பது பற்றி அவருக்குச் சொந்தமாக ஒரு கருத்து இருந்தது. எங்கள் பொடியைப் போட்டு, அதற்கு மேல் பாஞ்ச் போரன் தாளிப்பார். ஐந்து விதை கலந்த இந்த ஊர்த் தாளிப்பு அது. அதற்கு மேல் சர்க்கரை. அப்புறம் பொடி சரியில்லை, ருசி வெளியே வரவில்லை என்று ஆள் அனுப்புவார். என் வீட்டுக்காரர் போய்ச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "நம்ம பொடி உள்ளதான் கெடக்கு. கூட்டத்துல மாட்டிக்கிட்டு வெளிய வர வழி தெரியாம நிக்கி." அந்தக் கேன்டீன்காரரிடம் விதையை நிறுத்தச் சொன்னார். சர்க்கரையை மட்டும் அவர் கடைசிவரை நிறுத்தவில்லை.

அப்படிச் சொன்ன மனுஷன்தான் இவர். மசாலாவில் எது எதை அடிக்கும், எது எதைத் தூக்கிவிடும் என்று அவருக்குத் தெரியாதது கிடையாது. பெருங்காயம் என்பது இல்லாதபோதுதான் தெரிய வேண்டும் என்பார். அது தெருவரைக்கும் வந்து ஆளைக் கூப்பிட்டால் அந்தக் கடையில் சாம்பார் நேற்றையது என்பார். நாங்கள் இரண்டு பேரும் வெளியே சாப்பிடப் போனால் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சுவார். சில கடைகளில் உள்ளேயே போகாமல் திரும்பியிருக்கிறோம். சங்கத்து விருந்தில்கூட ஒரு தடவை சாம்பாரை வேண்டாம் என்று கையை மறித்தார். அன்றைக்குச் சாயங்காலம் பாதிப் பேருக்கு வயிறு சரியில்லை.

சார் வந்துபோனதிலிருந்து எங்கள் வீட்டு ரசத்தில் பெருங்காயம் வாசலுக்கு வந்துவிட்டது. பீடி குடிக்க ஒதுங்கிய மூங்கில்காரர்களே மூக்கைச் சுளித்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. சொன்னேன். அவர் கேட்கவில்லை. ருசி திரும்பி வந்த மனுஷன் யார் பேச்சைக் கேட்பார்?

எங்கள் தொழில் புத்தி

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் சார் இதை வேறு மாதிரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பொடி அரைக்கிறவர்களுக்கு ஒரு புத்தி உண்டு. ஒரு பானைப் பொடி கசந்துவிட்டால் அதைக் கொட்ட மாட்டோம். வெந்தயம் கருகியிருக்கும். மல்லியைக் கூட்டி, பருப்பைக் கூட்டி, கசப்பை உள்ளே அடக்கிவிடுவோம். அதுதான் தொழில். கசப்பு என்பது எங்களுக்குச் சரிசெய்ய வேண்டிய பிழை, அவ்வளவுதான். அது ஏன் கசக்கிறது என்று நின்று கேட்கிற வழக்கம் கிடையாது.

என் வீட்டுக்காரர் அந்த உப்பையும் அப்படித்தான் பார்த்தார். "இந்தக் கசப்ப நான் அடக்கிக் காட்டுதேன் பாரு" என்று சவால்விட்டார். மிளகு, சீரகம், கறிவேப்பிலை, பூண்டு, பெருங்காயம் எல்லாம் வறுத்து, சாரின் உப்பைத் தாராளமாகக் கலந்து, தனக்கென்று ஒரு பொடி அரைத்துக்கொண்டார். நிஜமாகவே கசப்பு தெரியவில்லை. நல்ல பொடி. பொய் சொல்ல மாட்டேன். அவர் வாழ்க்கையில் அரைத்த நல்ல பொடிகளில் அதுவும் ஒன்று. நெய்யில்லாத சோற்றில் போட்டு, பீன்ஸில் போட்டு, இட்லிக்குத் தொட்டு, ஒன்றுக்கு மூன்றாகச் சாப்பிட்டார். உப்பு இல்லையே, உப்பு மாதிரிதானே.

சார் அதை ருசி பார்த்துவிட்டு, சங்கத்துப் பூஜைக் கடையில் இதை வைக்கலாமே என்றார். நான் முடியாது என்றேன். காரணம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு பயம், அவ்வளவுதான். நல்லவேளை.

அந்த மாதம் சங்கத்தில் சாரின் பேச்சு. நானும் போயிருந்தேன். பாதிப் பேர் வயதானவர்கள், பிரஷர், சர்க்கரை, நெஞ்சுவலி. சார் பாக்கெட்டைத் தூக்கிக் காட்டி, என்னிடம் சொன்ன அதே வாக்கியத்தை மைக்கில் சொன்னார். கிட்னிகாரர்கள் என்ற வார்த்தையையும் சொன்னார். உதாரணத்துக்கு என் வீட்டுக்காரரையே எழுந்து நிற்கச் சொன்னார். எழுந்து நின்றார். கை தட்டினார்கள்.

கை தட்டும்போது அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். கால் மரத்துப்போச்சு என்றார். தரையில் உட்கார்ந்து பொடி சலித்ததால் என்று நினைத்துக்கொண்டோம்.

எழுந்திருக்க முடியாத காலை

அதற்கப்புறம் சில நாளில், கடை திறந்து கொஞ்ச நேரத்தில், ஸ்டூலில் இருந்தவர் எழுந்திருக்கவில்லை. ஒரு வாடிக்கைக்காரி கடலைப்பருப்பு கேட்டுக்கொண்டு நிற்கிறாள். மேல் தட்டில் இருக்கிறது. அவர் எழ முயற்சி செய்கிறார், தொடை வரவில்லை. வலி இல்லை. சிரிக்கிறார். "ஏட்டி, காலு எங்கயோ போயிட்டு" என்கிறார்.

நான் நாடி பார்த்தேன். எனக்கு நாடி பார்க்கத் தெரியாது. ஆனால் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் நான் காத்திருக்க வேண்டியிருந்தது என்பது தெரிந்தது. இப்போதும் சில சமயம் அவர் தூங்கும்போது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அந்த இடைவெளியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஷிப்ரா பௌதியின் மகன் ஆட்டோ பிடித்தான். பௌதி என்னோடு ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் அவர் என்னிடம், "கடையப் பூட்டுனியா" என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான் பூட்டவில்லை. பூட்டினேன் என்றேன்.

ஆஸ்பத்திரியில் மார்பில் ஒயர் ஒட்டிப் படம் எடுத்தார்கள். படத்தைப் பார்த்ததும் அங்கே இருந்த சின்னப் பெண் டாக்டர் உட்காராமல் நடக்க ஆரம்பித்தாள். டாக்டர்கள் நடக்க ஆரம்பித்தால் எனக்குப் பயம். ஊசி போட்டார்கள். ரத்தம் எடுத்தார்கள். பிறகு அவள் என்னிடம் வந்து வங்காளத்தில் கேட்டாள், இவர் என்ன உப்பு சாப்பிடுகிறார் என்று. உப்பே கிடையாது என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். உப்புக்குப் பதிலாக ஏதாவது? என்று கேட்டாள்.

சொன்னேன். அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

அந்த உப்பில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்த்திருப்பது பொட்டாசியம். நல்ல சிறுநீரகம் அதை வெளியே தள்ளிவிடும். கெட்டுப்போன சிறுநீரகத்தால் தள்ள முடியாது. அது ரத்தத்தில் ஏறும். ஏறினால் கை கால் விழும், அப்புறம் நெஞ்சு நிற்கும். வாழைப்பழத்தையும் இளநீரையும் எதற்காக நிறுத்தச் சொன்னார்களோ, அதையே பொடியாக்கி ஸ்பூனில் கொடுத்திருக்கிறோம். பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் இங்கிலீஷில் போட்டிருக்கிறது என்றாள், சிறுநீரக நோயாளிகள் டாக்டரைக் கேட்க வேண்டும் என்று. எனக்கு அந்த இங்கிலீஷ் வராது. சாருக்கு வரும்.

அன்று சாயங்காலமே டயாலிசிஸ் மிஷினில் போட்டார்கள். பிழைத்தார். ஆனால் மிச்சமிருந்த பாதியில் இன்னும் கொஞ்சம் போய்விட்டது. இப்போது வாராவாரம் மிஷினுக்குப் போகிறோம்.

நல்லதுக்குத்தானே சொன்னேன்

சாருக்கு நானே போன் செய்தேன். ஐயையோ என்றார். வருத்தப்பட்டார், அது நிஜம்தான். அப்புறம் சொன்னார்:

"நல்லதுக்குத்தானேம்மா சொன்னேன். ஒரு சிட்டிகைன்னு சொன்னேன். நீங்க பொடியில அள்ளிப் போட்டா நான் என்ன பண்றது?"

சிட்டிகை என்று அவர் சொல்லவில்லை. என் வீட்டிலும் சொல்லவில்லை, மேடையிலும் சொல்லவில்லை. தைரியமாகச் சாப்பிடலாம் என்றுதான் சொன்னார். பொடியில் அள்ளிப் போட்டது என் வீட்டுக்காரர்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தைரியம் எங்கிருந்து வந்தது?

நான் சொன்னேன், சார், மேடையில் ஏறி ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், கிட்னிகாரர்கள் இதைத் தொடாதீர்கள் என்று. பார்க்கிறேன் என்றார். பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

சங்கத்துச் செயலாளரிடம் போனேன். எனக்கு மைக் வேண்டாம், நீங்களாவது அறிவிப்புச் செய்யுங்கள் என்றேன். அக்கா, விழா நேரத்தில் இதெல்லாம் எதற்கு, சார் மனசு கஷ்டப்படும், அண்ணாச்சிக்கு ஏற்கெனவே உடம்பு சரியில்லைதானே என்றார். காபி கொடுத்தார். குடிக்கவில்லை.

இதற்கு நடுவில் ஊரில் கதை மாறிவிட்டது. சங்கரலிங்கம் கடைப் பொடியில் ஏதோ கோளாறு, அதைச் சாப்பிட்டுத்தான் அவரே விழுந்தார் என்று இரண்டு வாடிக்கைக்காரர்கள் என்னிடமே கேட்டார்கள். யார் சொன்னார்கள் என்று கேட்டேன். சார் சொன்னார் என்றார்கள். கடைக்கு வருகிற ஆள் குறைந்திருக்கிறது. அது பரவாயில்லை, பொடி என் கையில்தான் இருக்கிறது, நாக்கு உள்ளவர்கள் திரும்பி வருவார்கள்.

என் வீட்டுக்காரருக்கு இதை நான் எழுதுவது பிடிக்கவில்லை. "அவர் வேணும்னா செஞ்சாரு? விட்டுரு கோமு" என்கிறார். சார் போன் செய்தால் இன்னும் எடுத்துப் பேசுகிறார். மிஷினில் படுத்துக்கொண்டே பேசுகிறார். எனக்கு எரிகிறது. அவர் பெரிய மனசுக்காரர். நான் இல்லை.

பவானிபூர் லட்சுமி

விட்டுவிடலாம் என்றுதான் நானும் ஒரு கட்டத்தில் நினைத்தேன். போன வாரம் லட்சுமி கடைக்கு வந்தாள். பவானிபூரில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் கணபதி அச்சகத்தில் வேலை பார்த்தவர். அவருக்கும் இதே வியாதி, என் வீட்டுக்காரர் ஒரு வருஷம் முன்னால் இருந்த அதே நிலை. பொடி வாங்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள், அவர் இன்னும் அந்த உப்பைத்தான் சாப்பிடுகிறார் என்று.

நான் அவளைத் திட்டினேன். தூக்கி எறிய வேண்டியதுதானே என்றேன்.

"எறிஞ்சா திரும்பி வாங்கிட்டு வந்துடறார்க்கா. டாக்டரக் கேளுங்கன்னா, டாக்டருங்க எல்லாத்தையும் வேணாம்பாங்கங்கறார். உங்க பேரச் சொன்னேன். பொடிக்கடைக்காரிக்கு என்ன தெரியும்னுட்டார். சார் வாயால வந்தாத்தான் கேப்பார்."

கால் மரத்துப்போகிறதா என்று கேட்டேன். அழுதாள். வாயில்லாத பெண். அவளை மெட்ரோவரை கொண்டுபோய் விட்டேன். அடுத்த நாள் நானே அவர்கள் வீட்டுக்குப் போனேன். கணபதி என்னை மரியாதையாக உட்காரவைத்தார். நான் சொன்னதை எல்லாம் கேட்டார். தொடக் கூடாது என்று சார் மேடையில் சொல்லவே இல்லையே அக்கா, சாருக்குத் தெரியாததா என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார். அவர்கள் சமையலறையிலிருந்து எலுமிச்சையும் பெருங்காயமும் மணத்தன. படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன்.

அதனால்தான் சார், மில் கதையை விட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரருக்கு நடந்ததற்கு நீங்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம். என் பொடியைப் பற்றிச் சொன்னதையும் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டாம். போனில் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம். போனில் நீங்கள் சொல்வது கணபதிக்குக் கேட்காது.

நான் கேட்பது இவ்வளவுதான். சங்கத்தில் உங்களுக்குக் கை தட்டியவர்களில் எத்தனை பேருக்குச் சிறுநீரகம் கெட்டிருந்தது என்று பேசுவதற்கு முன்னால் நீங்கள் கேட்டீர்களா? அந்த வேற ஒண்ணு என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருந்ததா, தெரியாமலேயே சொன்னீர்களா? கசந்தபோது ஏன் கசக்கிறது என்று பார்க்காமல், மறைக்க வழி சொன்னீர்களே, அது ஏன்?

இந்தப் பத்திரிகையிலேயே பதில் எழுதுங்கள். ஆசிரியரிடம் பேசிவிட்டேன், இடம் தருகிறேன் என்கிறார். உங்கள் பெயரைப் போட்டு எழுதுங்கள். மற்றக் கேள்விகளுக்கு எப்போது வேண்டுமானாலும் பதில் சொல்லிக்கொள்ளுங்கள், சண்டை போடுங்கள், என்னைத் திட்டுங்கள். முதல் வரியில் மட்டும், சிறுநீரகம் கெட்டவர்கள் அந்த உப்பைத் தொடக் கூடாது, நான் சொன்னது தப்பு என்று எழுதுங்கள். பத்திரிகை வெளிவரும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். சங்கத்து மைக் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

சொல்லுங்கள் சார். பவானிபூரில் அவர்கள் மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட உட்காருவார்கள்.